பிளக் பிடுங்குகிறவர்

வானம் கறுத்தால் மற்றவர்கள் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவார்கள். அவர் பிளக்கைப் பிடுங்க ஓடுவார்.

அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. குளுவாங்கில் அந்தத் தாமானில் எல்லோரும் அங்கிள் என்றார்கள், நானும் அங்கிள் என்றேன். தாமான் என்றால் ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகள். பின்னறையை வாடகைக்கு விடுகிறார் என்று மார்க்கெட்டில் என்னோடு கோழிக்கூடை இறக்கிய ஒருவன் சொன்னான். அதற்கு முன்பு மெர்சிங்கில் மீன் பிரித்துக்கொண்டிருந்தேன். அதற்கும் முன்பு பாலோ பக்கம் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடித்தேன். படிப்பு இரண்டாம் படிவத்தோடு சரி. ஏன் எங்கேயும் நிலையாக இருக்கவில்லை என்று கேட்பார், சொல்வதற்கு ஏதாவது வேண்டுமே என்று யோசித்துக்கொண்டே போனேன். அவர் கேட்டது வேறு.

“என்னென்ன பிளக் வச்சிருக்க, தம்பி?”

“போன் சார்ஜர். ஒரு சின்ன ஃபேன்.”

“தண்ணி சுட வைக்கிற கெட்டில்?”

“இல்ல அங்கிள்.”

“நல்ல பையன்,” என்று சொல்லி அறைச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

கோழி வேலை விடியலுக்கு முன்பு தொடங்கி வெயில் ஏறும்போது முடிந்துவிடும். பகலில்தான் தூங்குவேன். அந்த வீட்டில் முதல் வாரமே ஒரு நாள் வியர்த்து விழித்தேன். ஃபேன் நின்றிருந்தது. கட்டில் பக்கத்தில் அங்கிள் ரப்பர் செருப்போடு நின்றார், கையில் என் ஃபேனின் பிளக். வெளியே பார்த்தேன். வெயிலில் கண் கூசியது.

“இடி எங்க அங்கிள்?”

“பாலோவுல இடிக்குது. இங்க வந்துக்கிட்டு இருக்கு.”

இடியும் ரயில் மாதிரி பாலோவில் நின்று ஆளை ஏற்றிக்கொண்டு குளுவாங் வரும் என்பது அவர் கணக்கு. முன்கூடத்திலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். “மேகம் மெர்சிங்கில இருந்தாலும் இந்த மனுசனுக்குக் கை இங்க அரிக்கும். நீ வெளிய வந்து படு தம்பி, வாசல்ல காத்து வருது.”

ஆன்ட்டி பேசினால் நிறுத்த மாட்டார். அந்த வீட்டில் ரேடியோவைப் பிடுங்கினாலும் ஆன்ட்டியைப் பிடுங்க முடியாது என்று தாமானில் சொல்லிச் சிரிப்பார்கள்.

பிளக் மட்டும் இல்லை. இடிச் சத்தம் கேட்டதும் கண்ணாடிகளுக்குத் துணி போர்த்துவார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மரப்பெட்டியில் போடுவார். குடையைத் தொடமாட்டார், அதில் கம்பி இருக்கிறது. அடுப்பில் எவர்சில்வர் கரண்டி இருந்தால் எடுத்துவிட்டு அகப்பையை வைப்பார். ஒருமுறை ஆன்ட்டியின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தாலி தங்கம், தங்கமும் உலோகம்தானே. ஆன்ட்டி ஒரு முறை முறைத்தார். அங்கிள் திரும்பிக்கொண்டு, “அர்ஜுனா, அர்ஜுனா” என்று சொல்லியபடி சமையலறைக்குப் போய்விட்டார்.

பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். ஒருநாள் பின்கால்வாயில் மலைப்பாம்பு வந்து தெருவே கூடிக் கத்தியது. அங்கிள் கைலியை மடித்துக் கட்டி இறங்கி, கழுத்தைப் பிடித்துத் தூக்கி, உரச்சாக்கில் போட்டு, மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்துக் காட்டோரம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வந்ததும் காப்பி கேட்டார். ஆன்ட்டி காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது எங்கோ வானம் இலேசாக உறுமியது. பாம்பு பிடித்தவர் காப்பியைக் குடிக்காமல் டிவிக்குப் பின்னால் ஊர்ந்து போனார்.

ஏன் இப்படி என்று நான் பலமுறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் பதில் வந்தது, ஒவ்வொரு முறையும் வேறு பதில். சின்ன வயதில் தோட்டத்து லயத்தில் இடி விழுந்து அவர் அப்பாவின் ரேடியோ எரிந்துபோனதாம். இன்னொரு நாள் சொன்னபோது எரிந்தது தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டு டிவி. தீபாவளிக்கு வந்த உறவினர்களிடம் சொன்னபோது ஒரு பசுமாடு.

“மாட்டுக்கு ஏதுங்க பிளக்?” என்றார் ஆன்ட்டி.

“கம்பி வேலி பக்கத்துல நின்னுச்சு,” என்றார் அங்கிள், கொஞ்சமும் தடுமாறாமல்.

முடிவெட்டும் கடையில் நடந்தது எனக்கு நேராகத் தெரியும். நானும் அடுத்த ஆளாக உட்கார்ந்திருந்தேன். இடது பக்கம் மெஷின் ஓட்டி முடித்துவிட்டு வலது பக்கம் வந்தார் கடைக்காரர். வெளியே ஓர் இடி. அங்கிள் போர்த்திய துணியோடு எழுந்து சுவருக்குப் போய் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். தன் தலை மேல் கரண்ட் ஓட விடமாட்டேன் என்றார். கத்தரிக்கோலால் வெட்டுகிறேன் என்று கடைக்காரர் கெஞ்சினார். கத்தரிக்கோல் இரும்பு. அப்படியே வீட்டுக்கு வந்தார். அது மழைக்காலம், தினமும் பிற்பகலில் இடித்தது. வெகுநாள் வரை இடப்பக்கம் போலீஸ்காரர் மாதிரியும் வலப்பக்கம் பாகவதர் மாதிரியும் திரிந்தார். கோயிலில் பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒன்றும் கேட்கவில்லை.

தன் வீட்டோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மாங்காய் பறிப்பதற்கு ஒரு நீளமான பிவிசி குழாய் வைத்திருந்தார், நுனியில் கொக்கி. அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் இடி இடித்தால், வெளிவாசல் கம்பிகளுக்கு நடுவே அந்தக் குழாயை விட்டு, முதலில் சுவிட்சைத் தட்டுவார், பிறகு கொக்கியை வயரில் மாட்டி பிளக்கை இழுத்துவிடுவார். தாமானில் பலர் வேலை முடிந்து வந்து வாசலில் வைத்த துணி துவைக்கும் மெஷினில் பாதி நனைந்த துணியைப் பார்த்திருக்கிறார்கள். திட்ட வருவார்கள். “உங்க மெஷின் தப்பிச்சிருச்சுல்ல?” என்று கேட்பார். தப்பித்தது உண்மை. வந்த வழியே திரும்பிவிடுவார்கள்.

பக்கத்து வீட்டு நானாவிடம் மட்டும் அந்தக் கேள்வி செல்லுபடியாகவில்லை. நானா பாசார் மாலாமில், அதாவது ஊர் ஊராக மாறும் இரவுச் சந்தையில், கறி வைத்த முர்தபா ரொட்டி போடுகிறவர். கறிக்கான ஐஸ் பெட்டியை, ஃப்ரிட்ஜைத்தான் அப்படிச் சொல்வோம், வாசலில் வைத்திருந்தார். குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்காக ஜோகூர் பாருவுக்குப் போனவர் திரும்பி வந்து ஐஸ் பெட்டியைத் திறந்தார். தெரு முழுக்க ஜன்னல்களைச் சாத்தியது. அன்றிலிருந்து நானா அங்கிளோடு பேசுவதில்லை. ஐஸ் பெட்டியை உள்ளே தள்ளிக்கொண்டார். குழாயோடு அங்கிள் தெருவில் போனால், “வர்றாரு பாரு” என்று தன் பூனையிடம் சொல்வார்.

ஆன்ட்டிக்கு நெஞ்சு ஏற்கெனவே சரியில்லை. இளவயதில் ரப்பர் பால்ஷீட் உலர்த்தும் புகைவீட்டில் வேலை செய்தவர். வயது ஏற ஏற மூச்சு குறைந்தது. ஒருமுறை ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்து திரும்பியபோது கூடவே ஒரு மெஷினும் வந்தது. சின்ன அலமாரி உயரம். காற்றை இழுத்து ஆக்ஸிஜனாகப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். இரவும் பகலும் ஓட வேண்டும். கிளம்பும்போது ஆஸ்பத்திரி நர்ஸ், அந்த மிஸி, அங்கிளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்.

“அங்கிள், இந்த பிளக்க மட்டும் எப்பவும் ஆஃப் பண்ணக்கூடாது, சரியா?”

“இடி இடிச்சா?”

“இடிச்சாலும்.”

“பெரிய இடி, மிஸி.”

மிஸி ஆன்ட்டியைப் பார்த்தார். ஆன்ட்டி குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டு, “நீங்க கவலப்படாதீங்க. வீட்டுக்குப் போயி நான் பாத்துக்கிறேன்,” என்றார்.

பார்த்துக்கொண்டார். மெஷினின் பிளக் மேலேயும் சுவிட்ச் மேலேயும் சேர்த்து ஒரு முருகன் படத்தை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டார். இனி அங்கிள் பிளக்கைப் பிடுங்க வேண்டுமென்றால் முதலில் முருகனைக் கிழிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு இடி இடித்த நாட்களில் அங்கிளைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வந்து அந்தப் படத்துக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். முருகன் சிரித்துக்கொண்டிருப்பார். உள்ளே கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

“கைய வைங்க பாப்போம்,” என்பார் ஆன்ட்டி நாற்காலியிலிருந்து.

“நான் சாமிதான கும்புடுறேன்.”

நான் சொல்ல வந்த இடி, ஒருநாள் தேநீர் நேரத்தில் வந்தது. காலையிலிருந்து காற்றே இல்லை. பிறகு ரயில் நிலையம் பக்கமிருந்து கறுப்பாக ஒரு சுவர் நகர்ந்து வந்தது. எங்கள் தெருவில் அப்படி ஒரு காற்றை நான் பார்த்ததில்லை. எதிர்வீட்டு வாசல் கூரையின் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு தெருவில் உருண்டது. அங்கிள் வேலையைத் தொடங்கி முடித்துவிட்டார், டிவி, ஐஸ் பெட்டி, என் ஃபேன், பாதி வெந்த சோற்றோடு குக்கர். கண்ணாடிகளைப் போர்த்திவிட்டு முருகனுக்கு முன்னால் வந்து நின்றார். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. வீடு குலுங்கியது. கரண்ட் போனது.

உடனே மெஷின் கத்தத் தொடங்கியது. கரண்ட் நின்றால் அப்படிக் கத்தும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். விடாமல் ஒரே சுருதியில் கத்தியது.

“வந்துரும்,” என்றார் அங்கிள். “இப்ப வந்துரும்.”

வரவில்லை. தெரு முழுக்க இருட்டு. ஆன்ட்டி முழங்கால்களில் கைகளை ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. அவர் பேசவில்லை. இத்தனைக்கும் அங்கிளைத் திட்ட அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

கரண்ட் போனால் மாட்ட ஆஸ்பத்திரியில் ஒரு சிலிண்டரும் கொடுத்திருந்தார்கள். மூலையில் பார்த்தேன். இல்லை.

“அங்கிள், சிலிண்டர் எங்க?”

அவர் காதில் விழாத மாதிரி மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“சிலிண்டர் எங்க அங்கிள்?”

“கோயில்ல இருக்கு.”

“கோயில்லயா?”

“ஆத்துக்கு அந்தப் பக்கம், முனீஸ்வரர் கோயில் ஸ்டோர்ல. கேஸு தம்பி அது. வீட்ல இடி விழுந்தா வெடிச்சிரும். கோயில்லதான் இடிதாங்கி இருக்கு.”

ஆன்ட்டி தலையை மெல்ல நிமிர்த்தி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். வருகிறோம் என்றார்கள். மோட்டாரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினேன். தாமான் முனையைத் தாண்ட முடியவில்லை. பெரிய மரம் ஒன்று வேரோடு சாய்ந்து ரோட்டை அடைத்துக் கிடந்தது, அதைச் சுற்றிக் கால்வாய்த் தண்ணீர் சக்கரம் முழுக ஓடியது. வெளியே போக அது ஒன்றுதான் வழி, உள்ளே வரவும் அது ஒன்றுதான். திரும்பி வந்து சொன்னேன். மரத்தை அறுத்தால்தான் ஆம்புலன்சும் வரும் என்றேன்.

அங்கிள் ஆன்ட்டியைப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தார். நானாவிடம் ஜெனரேட்டர் இருக்கிறது என்பது எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சந்தைக் கடைக்கு விளக்குப் போடுகிற ஜெனரேட்டர்.

இரண்டு வாசலுக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். அங்கிள் குடை இல்லாமல் மழையில் போய் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வானம் வெட்டிக்கொண்டிருந்தது. நானா தன் வாசலில் நாற்காலி போட்டுப் பூனையை மடியில் வைத்திருந்தார். நான் கதவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நானா,” என்றார் அங்கிள்.

நானா பூனையைத் தடவினார்.

“நானா, உங்க ஜெனரேட்டரு...”

“என்ன அண்ணே, அதையும் புடுங்கணுமா?”

“இல்ல. வேணும்.”

“எதுக்கு? அதுதான் சும்மா கெடக்கே. ஓடுனாத்தான ஒங்களுக்குப் புடிக்காது.”

அங்கிள் வீட்டுப் பக்கம் கையை நீட்டினார். மழைச் சத்தத்தின் ஊடே மெஷின் கத்துவது நானாவுக்கு அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும்.

“அது என்ன சத்தம்?”

“அவ மெஷினு.”

பூனை எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. நானா எழுந்துவிட்டார். “அலமாக். அத மொதல்ல சொல்ல மாட்டிங்களா? ஊரு கதையெல்லாம் பேசிக்கிட்டு நிக்கிறீங்க. தம்பி, இங்க வா, ஒரு கை புடி.”

தார்பாயை உருவி, ஜெனரேட்டரைக் கூரைக்கடியில் தெருப் பக்கம் புகை போகும்படி திருப்பி வைத்தோம். நானா பிஸ்மில்லா சொல்லிக் கயிற்றை இழுத்தார். அது இருமிவிட்டு நின்றது. மறுபடி பிஸ்மில்லா. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து “அர்ஜுனா, அர்ஜுனா.” மறுபடி இருமல்.

“பெட்ரோல் தொறந்திருக்கா?” என்று கேட்டேன்.

நானா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்து குழாயைத் திறந்தார். அடுத்த இழுப்பில் பிடித்துக்கொண்டது. நானா தன் கடை வயர் ரோலைச் சுவருக்கு மேலாக அங்கிளிடம் நீட்டினார். நான் சுவரைத் தாண்டி ஓடி ஆன்ட்டிக்குப் பின்னால் நின்று அவர் சாயாமல் பிடித்துக்கொண்டேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. என் இரண்டு கையும் அவர் தோளில். நானா ஜெனரேட்டரை விட்டு நகர முடியாது. மிச்சம் இருந்தது அங்கிள்தான்.

அவர் வயரை உள்ளே இழுத்து வந்து தரையில் வைத்தார். ஈரக் கையைத் தலையணை உறையில் மாற்றி மாற்றித் துடைத்தார். சுவரருகே மண்டியிட்டு முருகன் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஓரத்து டேப்பை நகத்தால் சுரண்டினார். ஆன்ட்டி நன்றாகத்தான் ஒட்டியிருந்தார்.

“கிழிங்க அங்கிள்,” என்றேன்.

கிழித்தார். பிளக்கைப் பிடுங்கினார். அது அவருக்குப் பழக்கமான வேலை. பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு கரண்ட் ஓடும் அந்த ரோலின் ஓட்டைகளைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஜன்னல் முழுக்க வெள்ளையாகி, கூரைக்கு மேலேயே இடித்தது. பிளக் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. மலைப்பாம்பின் கழுத்தை எட்டிப் பிடித்த அதே கைதான். எடுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தடவிப் பார்த்து, குத்தினார்.

மெஷின் ஒரு முறை பீப் என்றது, கத்துவதை நிறுத்தி உறுமத் தொடங்கியது. அங்கிள் கண்ணைத் திறக்காமல், “நான் இருக்கேனா?” என்று கேட்டார்.

“இருக்கீங்க,” என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நானா, “ஓடுதா? ஓடுதா?” என்று கத்தினார். ஓடுகிறது என்றேன். பிறகு நாங்கள் மூவரும் ஆன்ட்டியின் கழுத்துக்குழியை மட்டும் பார்த்தோம். நானா ஜெனரேட்டரை விட்டுவிட்டு எங்கள் கதவுக்கே வந்து எட்டிப் பார்த்தார். கழுத்துக்குழி உள்ளே போவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. உதட்டில் நிறம் திரும்ப வெகுநேரம் ஆனது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. ஆன்ட்டி ஒரு கையைத் தூக்கினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று அங்கிள் குனிந்தார்.

“சாமிக்கா,” என்றார் ஆன்ட்டி. மூச்சு வாங்கினார். “சாமிக்கா மூச்சு முட்டுது?”

“இல்ல.”

“பின்ன எதுக்கு... சிலிண்டர கொண்டுபோயி... முனீஸ்வரர்கிட்ட குடுத்தீங்க?”

“தப்புதான்.”

“யாராவது செய்வானா? ஒலகத்துல எந்த மனுசனாவது...”

ஆரம்பித்தது. முதலில் ஒவ்வொரு சொல்லாக, பிறகு இரண்டிரண்டாக. முடிவெட்டும் கடையும் நானாவின் கறியும் அந்த மாடும் வந்தன. கல்யாணத்தன்று பந்தலில் இடி இடித்து, தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை மைக் செட்டின் பிளக்கைத் தேடிப் போன கதையை நான் அன்றுதான் கேட்டேன். அங்கிள் தரையில் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு நிம்மதியாகத் திட்டு வாங்கிய ஆளை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

ஆன்ட்டி களைத்து நிறுத்தினார். கண்ணை மூடிப் பின்னால் சாய்ந்தார். தூங்கத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த அமைதியில் அங்கிளின் முகம் மாறியது. என்னைப் பார்த்தார், நானாவைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

“ஒங்க பெரியண்ணன் பாலோவுல விருந்து போட்டானே,” என்றார். “அந்தக் கறியில உப்பே இல்ல.”

ஆன்ட்டி கண்ணைத் திறந்தார். “எங்க அண்ணனயா?”

“கறி வேகவும் இல்ல.”

“மூணு தட்டு தின்ன வாயி அது...”

நானா போய் ஜெனரேட்டரில் பெட்ரோல் ஊற்றினார். மழை விட்டது. தூரத்தில் மரம் அறுக்கும் சத்தம் கேட்டது. ஆன்ட்டியின் குரல் அடங்கும் போதெல்லாம் அங்கிள் அவர் வீட்டு ஆட்களில் இன்னொருவரை இழுத்தார், சின்னண்ணன், அக்கா, அக்கா வீட்டுக்காரர் என்று. ஆம்புலன்ஸ் ஆட்கள் கட்டிலோடு உள்ளே நுழைந்தபோது அங்கிள் சித்தப்பா வரைக்கும் வந்திருந்தார்.